கோஸ்டா ரிக்காவை ஆண்ட வலது மையக் கட்சி நான்கே ஆண்டுகளில் எப்படிக் கரைந்தது?

2002-இல் அதிபர் பதவியை வென்ற சமூகக் கிறிஸ்தவ ஐக்கியக் கட்சி, 2006-இல் ஏறத்தாழ 3.5 சதவீத வாக்குக்குச் சரிந்ததைத்தான் கேட்கிறீர்கள். ஊழல் வழக்குகளே காரணம் என்பது வழக்கமான விடை. அது பாதி விடைதான் என்பது என் கருத்து.

1948 உள்நாட்டுப் போரில் வென்ற ஹொசே ஃபிகேரஸின் தேசிய விடுதலைக் கட்சியை எதிர்க்க, நான்கு கட்சிகள் சேர்ந்து அமைத்த ‘உனிதாத்’ கூட்டணிதான் இக்கட்சியின் தொடக்கம். அக்கூட்டணியின் வேட்பாளர் ரொட்ரிகோ கராசோ 1978-இல் வென்றார். ஆனால் எண்ணெய் விலை உயர்வும் காப்பி விலை வீழ்ச்சியும் வெளிக்கடனும் சேர்ந்து நாணய மதிப்பைக் குலைத்ததால், 1982-இல் கூட்டணி தோற்றது. அடுத்த ஆண்டு அந்நான்கும் ஒரே கட்சியாயின.

அவற்றை இணைத்து வைத்தது கொள்கை அன்று, கால்டெரோன் என்ற குடும்பப் பெயர். 1940-களின் அதிபர் கால்டெரோன் குவார்தியா, ‘காஹா’ எனப்படும் சமூகக் காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர். அந்த நன்றியுணர்வில் வாக்களித்த ஏழைகளும், அரசின் கை சுருங்க வேண்டும் என்ற தொழிலதிபர்களும் ஒரே கட்சியில் இருந்தனர். அவருடைய மகன் கால்டெரோன் ஃபூர்னியே, தந்தை பதவியேற்றதற்குச் சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1990 மே 8 அன்று அதிபரானார்.

பிரச்சினை அதற்குப் பின்னரே முற்றியது. 1995-இல் அவரும், ஃபிகேரஸின் மகனும் தேசிய விடுதலைக் கட்சியின் அப்போதைய அதிபருமானவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். 2000-இல் அரசு மின்சார, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஏகபோகத்தைத் தளர்த்தும் சட்டத்துக்கு இரு கட்சி உறுப்பினர்களும் சேர்ந்தே வாக்களித்தபோது மக்கள் தெருவுக்கு வந்தனர், அரசு பின்வாங்கியது. இரண்டும் ஒன்றே என்ற அந்தச் சலிப்பில்தான் ஓத்தோன் சொலீஸின் குடிமக்கள் செயல் கட்சி வளர்ந்தது. 2002-இல் சமூகக் கிறிஸ்தவ ஐக்கியக் கட்சியின் ஆபெல் பச்சேகோ வென்றார் என்றாலும், அதற்கு அந்நாட்டு வரலாற்றிலேயே முதன்முறையாக இரண்டாம் சுற்று தேவைப்பட்டது.

இந்த நிலையில்தான் 2004 வந்தது. அமெரிக்க நாடுகள் அமைப்பின் தலைமைச் செயலாளராகப் பொறுப்பேற்றுச் சில வாரங்களே ஆகியிருந்த இக்கட்சியின் முன்னாள் அதிபர் மிகேல் ஆன்ஹெல் ரொட்ரிகஸ், பதவி விலகி நாடு திரும்பியதும் கைது செய்யப்பட்டார் (பின்னாளில் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார்). கால்டெரோன் ஃபூர்னியே சிக்கியதோ, காஹாவுக்கு மருத்துவக் கருவிகள் வாங்கப் பின்லாந்து தந்த கடனை ஒட்டிய தரகுப் பண வழக்கில். 2009-இல் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. தந்தை நிறுவிய காஹாவின் பெயரிலேயே மகன் மீது வழக்கு என்பதைக் கட்சியின் பழைய வாக்காளர்களால் எப்படிப் பொறுத்துக்கொள்ள முடியும்? தேசிய விடுதலைக் கட்சியும் இந்தச் சலிப்பால் வாக்குகளை இழந்திருக்கும். ஆனால் முன்னாள் அதிபர்கள் மீண்டும் போட்டியிடக் கூடாது என்ற தடை 2003-இல் நீங்கியதால், முன்னாள் அதிபர் ஆஸ்கார் ஆரியாஸ் என்ற பெரிய பெயரை அது மீண்டும் நிறுத்த முடிந்தது. சமூகக் கிறிஸ்தவ ஐக்கியக் கட்சியிடம் அப்படி ஒருவரும் மிஞ்சவில்லை: 57 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் அதன் பலம் 19-இலிருந்து 5 ஆனது.

பின்னர் கால்டெரோன் ஆதரவாளர்கள் பிரிந்து தனிக்கட்சி கண்டனர். எஞ்சிய கட்சியின் 2018 வேட்பாளர் ரொடால்ஃபோ பீசா முதல் சுற்றில் சுமார் 16 சதவீத வாக்குப் பெற்றுத் தோற்று, அதே ஆண்டு சொலீஸின் கட்சி அமைத்த அரசில் அமைச்சரானார்.