ரிலீஃப் டாக்டரின் நாள் சம்பளம்: கையில் நிற்பது எவ்வளவு?

அமெரிக்காவில் நிரந்தர டாக்டர் விடுப்பில் போனாலோ ஆள் பற்றாக்குறை வந்தாலோ, கால்நடை கிளினிக்குகள் நாள் கணக்கில் ரிலீஃப் டாக்டர்களையும் டெக்னீஷியன்களையும் அழைக்கின்றன. இங்கே படித்துவிட்டு அங்கே உரிமம் வாங்கிய வாசகர்கள் அந்தச் சம்பளக் கணக்கைப் பற்றிக் கேட்டவை இந்த இதழில்.

கேள்வி: ஒரு கிளினிக் 1099 முறையில் நாளுக்கு 900 டாலர் தருகிறது. இன்னொன்று டபிள்யூ-2 முறையில் 820 தான். 900-ஐ எடுத்துக்கொள்வதுதானே புத்திசாலித்தனம்?
– வாசகி, சார்லட், வட கரோலினா

இல்லை. டபிள்யூ-2, 1099 இரண்டும் உங்களுக்குத் தந்த பணத்தைக் காட்டும் வரிப் படிவங்கள். டபிள்யூ-2 என்றால் நீங்கள் ஊழியர். சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) இரண்டுக்கும் சேர்த்துப் போகும் 15.3 சதவீதத்தில் பாதியை கிளினிக் கட்டும். உங்களிடம் பிடிப்பது 7.65 தான். 1099 என்றால் நீங்கள் தனித்தொழில் செய்பவர், முழுத் தொகையும் உங்கள் தலையில். இந்த வரி வருமானத்தில் 92.35 சதவீதத்துக்குத்தான்: 900-இல் அது 831 டாலர், அதற்கு 15.3 சதவீதம் 127 டாலர். மிச்சம் 773. அந்தப் பக்கம் 820-இல் 63 போனால் 757. வருமான வரியைத் தொடுவதற்கு முன்பே 80 டாலர் வித்தியாசம் 16 ஆகிவிட்டது.

1099-க்கும் சாதகம் உண்டு. கட்டிய 127-இல் பாதியை வருமானத்திலிருந்து கழிக்கலாம். உரிமக் கட்டணம், இன்சூரன்ஸ், தொடர்கல்வி, ஸ்டெதஸ்கோப் எல்லாம் தொழில் செலவு. டபிள்யூ-2 ஊழியர் சொந்தப் பணத்தில் இதைச் செய்தால் மத்திய வரியில் ஒரு சென்ட்கூடக் கழிக்க முடியாது. கார் ஓட்டிய தூரத்துக்கு 2025-இல் மைலுக்கு 70 சென்ட். ஆனால் தேதி, இடம், மைல் மூன்றையும் அன்றன்றே குறித்திருக்க வேண்டும். ஏப்ரலில் உட்கார்ந்து ஞாபகத்தில் எழுதிய நோட்டு தணிக்கையில் நிற்காது.

பலர் கணக்கில் சேர்க்காத விஷயம் காயம். பூனையின் பல் ஊசிபோல இறங்கும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே விரல் மூட்டில் கிருமி தங்கிவிடும். மறுநாள் வீங்கி, நரம்பு வழி ஆன்டிபயாடிக், சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போகும். அந்தக் கையால் இரண்டு வாரம் தையல் போட முடியாது. ஊழியராக இருந்தால் வொர்க்கர்ஸ் காம்பன்சேஷன் (முதலாளி எடுக்கும் பணிக்காயக் காப்பீடு) மருத்துவச் செலவையும், காத்திருப்பு நாட்கள் போக, சம்பளத்தில் ஒரு பங்கையும் தரும். 1099-இல் மருத்துவச் செலவும் சம்பள இழப்பும் உங்களுடையது. (டெக்சஸ் வாசகர்கள் கவனிக்க: அங்கே தனியார் முதலாளிகள் இந்தக் காப்பீட்டை எடுக்காமலே இருக்கலாம். சேரும் முன் கேளுங்கள்.)

டபிள்யூ-2 என்பதாலேயே மருத்துவ இன்சூரன்ஸ் வந்துவிடாது. 50 முழுநேர ஊழியருக்குக் குறையாத நிறுவனம்தான் அதைத் தரக் கடமைப்பட்டது; அதுவும் வாரத்துக்குச் சராசரி 30 மணி நேரம் வேலை செய்பவருக்கு. மாதம் நாலு நாள் போகும் ரிலீஃப் டாக்டர் அதில் வரமாட்டார்.

மற்றவை சமம் என்றால் 820-ஐ எடுங்கள். 1099-தான் வேண்டுமென்றால் 1,000-க்குக் கீழே பேசாதீர்கள். அப்போதுதான் 859 நிற்கும். இயலாமைக் காப்பீட்டுக்கும் சம்பளமில்லாத விடுப்புக்கும் கொஞ்சம் இடம் இருக்கும்.

கேள்வி: வீடு நியூ ஜெர்சியில், வேலை பென்சில்வேனியாவில், 1099. வரியை எப்போது, எங்கே கட்டுவது?
– வாசகர், செர்ரி ஹில்

மத்திய அரசுக்கு நாலு தவணை: ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15. முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இரண்டே மாதம்தான். ஜூனில் பலர் தடுமாறுவது அதனால்தான். போன வருடத்து மொத்த வரியை நாலாகப் பிரித்து உரிய தேதியில் கட்டிவிட்டால் அபராதம் இல்லை. போன வருட வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டியிருந்தால் அந்த வரியில் 110 சதவீதம் கட்ட வேண்டும். ஒவ்வொரு செக் வந்த அன்றே 30 சதவீதத்தைத் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அந்தப் பணம் இருக்காது.

வேலை அடுத்த மாநிலத்தில் என்றாலும் வீடு இருக்கும் மாநிலத்துக்கு மட்டும் வருமான வரி கட்டினால் போதும் என்று இரு மாநிலங்களுக்கும் இடையே ஒப்பந்தம் இருப்பது உண்மை. ஆனால் அது ஊழியர் சம்பளத்துக்கு மட்டுமே. உங்கள் 1099 வருமானத்துக்கு பென்சில்வேனியாவில் வெளிமாநிலத்தவராகக் கணக்குத் தாக்கல் செய்து, அங்கே கட்டிய வரிக்கு நியூ ஜெர்சியில் கழிவு கேட்க வேண்டும்.

கேள்வி: நான் ரிலீஃப் டெக்னீஷியன். "எல்லாருக்கும் 1099 தான்" என்கிறார் மேனேஜர். சரியா?
– வாசகி, சான் ஹோசே, கலிபோர்னியா

சரியில்லை. யார் ஊழியர் என்பது மேனேஜர் வைக்கும் பெயரைப் பொறுத்ததல்ல. எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த நாய்க்கு முதலில் ரத்தம் எடுக்க வேண்டும், எந்த மயக்க மருந்து அளவு என்று எல்லாவற்றையும் கிளினிக் சொல்கிறது என்றால் நீங்கள் ஊழியர். கலிபோர்னியாவில் 2020 முதல் நடப்பிலிருக்கும் ஏபி-5 சட்டம் ஒருவரைத் தனித்தொழில் செய்பவர் என்று காட்டுவதைக் கடினமாக்கியது. அது உரிமம் பெற்ற கால்நடை மருத்துவர்களுக்குத் தளர்வு கொடுத்தது, டெக்னீஷியனுக்குக் கொடுக்கவில்லை. ஊழியர் என்றால் ஒரே முதலாளியிடம் வாரம் 40 மணி நேரத்தைத் தாண்டும்போது ஒன்றரை மடங்கு சம்பளம். கலிபோர்னியாவில் பொதுவாக ஒரே நாளில் 8 மணி நேரம் தாண்டினாலே அது தொடங்கும்.

முதலில் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், நீங்கள் ஊழியரா இல்லையா என்று முடிவு செய்யச் சொல்லி ஐ.ஆர்.எஸ்.-க்கு (மத்திய வரித் துறை) எஸ்எஸ்-8 படிவம் அனுப்பலாம். வரிக் கணக்கோடு 8919 படிவத்தை இணைத்து உங்கள் பாதியான 7.65-ஐ மட்டும் கட்டலாம். வேலை நேரக் குறிப்பு, மேனேஜர் அனுப்பிய மெசேஜ்கள் எதையும் அழிக்காதீர்கள்.

கேள்வி: எச்-1பி விசாவில் ஒரு மருத்துவமனையில் வேலை. சனிக்கிழமைகளில் வேறு கிளினிக்கில் 1099-இல் போகலாமா?
– வாசகர், கொலம்பஸ், ஒஹையோ

கூடாது. எச்-1பி உங்களுக்காக மனு செய்த முதலாளியிடம் மட்டுமே வேலை செய்ய அனுமதி. இரண்டாவது கிளினிக் தானும் பகுதிநேர எச்-1பி மனு போட்டு, டபிள்யூ-2-இல் எடுத்தால் போகலாம். ஒரே ஒரு சனிக்கிழமை 1099 வாங்கினாலும் அது அனுமதியில்லாத வேலைதான். கிரீன் கார்டு சமயத்தில் வந்து நிற்கும்.

கேள்வி: ஒப்பந்தத்தில் எதை விடாமல் எழுத வேண்டும்?
– வாசகி, அட்லாண்டா

முதலில் நேரம். "9 முதல் 6" என்று எழுதிவிட்டு 5.45-க்குக் கடைசி நோயாளியைப் போடுவார்கள். ரெக்கார்டு எழுதி முடிக்க 7.30 ஆகும். கடைசி அப்பாயின்ட்மென்ட் 5 மணி, 6-க்குப் பிறகு ஒவ்வொரு கால் மணிக்கும் இவ்வளவு என்று எழுதுங்கள். ரத்துக் கட்டணத்தையும் படியாக வையுங்கள்: வேலை நாளுக்கு முந்தைய 14 நாளுக்குள் ரத்து செய்தால் பாதி, 48 மணி நேரத்துக்குள் என்றால் முழுச் சம்பளம். பில்லுக்குப் பணம் வரும் கெடு 15 நாள்.

வருமானத்தில் சதவீதம் தருகிறோம் என்றால் அது நாள் சம்பளத்துக்கு மேலே வர வேண்டும், அதற்குப் பதிலாக அல்ல. நீங்கள் ஈறு பார்த்து எழுதிவைத்த பல் சுத்தம் அடுத்த வாரம் வேறு டாக்டர் பெயரில் நடக்கும்.

தொழில்முறைக் காப்பீட்டைச் சொந்தப் பெயரில் எடுங்கள். கிளினிக்கின் பாலிசி கிளினிக்கைக் காக்கும். உரிமம் தரும் மாநில வாரியத்துக்குப் போகும் புகார் உங்கள் உரிமத்தின் மீது வரும். பாலிசியில் உரிமப் பாதுகாப்பு தனிச் சேர்க்கையாக இருக்கும், அதைச் சேர்த்தே வாங்குங்கள்.