லோவெல்ல வாடகை ஜாஸ்தியா, இல்ல அண்ணனுக்கு அனுப்புற பணமா?

கேள்வி: அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம் லோவெல் ஊர்ல இருக்கேன், ஐடி வேலை, ஹெச்1பி விசா. மனைவிக்கு வேலை செய்ய பர்மிட் இல்ல, பொண்ணுக்கு 4 வயசு. மெரிமாக் ஆத்தங்கரையில பழைய பஞ்சாலையை அபார்ட்மென்ட்டா மாத்தின கட்டடத்துல குடியிருக்கோம், வாடகை 2,550 டாலர். கைக்கு வர்றது 6,900. கரன்ட், கார் லோன், மளிகை, ப்ரீஸ்கூல், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து இன்னொரு 3,300. கோயம்புத்தூர் பக்கம் சோமனூர்ல தறி போட்டிருக்கிற அண்ணன் ரேப்பியர் தறி (நாடா இல்லாம ஓடுற நவீன விசைத்தறி) வாங்க லோன் எடுத்தார், அதுக்கு ரெண்டரை வருஷமா மாசம் 1,500 அனுப்புறேன். கிரெடிட் கார்டுல 18,200 நிக்குது, மினிமம் தவறாம கட்டிடுறேன். 2,200 வாடகையில ஒரு பழைய மூணு மாடி மரவீட்டுல போர்ஷன் இருக்கு, மாறிடலாமா? நண்பர் ஒருத்தர் ஐயுஎல் பாலிசில (ஆயுள் காப்பீட்டோட, பங்குச்சந்தை குறியீட்டை ஒட்டி சேமிப்பும் சேர்ந்தது) மாசம் 500 போடச் சொல்றார், போடலாமா? ராத்திரி தூக்கமே வர்றதில்ல.

பதில்: தம்பி, உங்க லெட்டர்ல வாடகையைப் பத்தி ரெண்டு பக்கம் இருக்கு, அண்ணன் பணம் ஒரே வரியில முடிஞ்சிடுச்சு. எனக்கு அந்த ஒரு வரிதான் கண்ணுல பட்டுது.

கணக்கை ஒரு தடவை என்கூட போட்டுப் பாருங்க. 6,900-ல வீட்டுச் செலவு 5,850 போனா மிச்சம் 1,050. அனுப்புறது 1,500. மாசம் 450 துண்டு விழுது, அந்த 450 எங்க இருந்து வருது? கார்டுல இருந்துதான். மினிமம் கட்டுறேன்னு சொல்றீங்க, கட்டின கையோட அதே கார்டுல மளிகை வாங்குறீங்க, அப்ப கட்டினதா எப்படி ஆகும்? மாசம் 450, வருஷம் 24 சதவீத வட்டி, 30 மாசம்னு போட்டா சுமார் 18,200 வருது, நீங்க சொன்ன தொகை அப்படியே. இதுல நீங்க நிஜமா வாங்கின கடன் 13,500, மீதி 4,700 வெறும் வட்டி. அண்ணனுக்கு நீங்க சம்பளத்துல இருந்து அனுப்பலை, கார்டு கம்பெனிகிட்ட கந்துவட்டி மாதிரி வாங்கி அனுப்பிட்டு இருக்கீங்க. அண்ணனுக்கு இது தெரியுமா? தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்.

இப்ப வீடு மாறுற விஷயம். வாடகையில 350 குறையும், சரி. ஆனா அந்த மாதிரி பழைய வீட்டுல ஹீட்டிங் செலவு பெரும்பாலும் குடியிருக்கிறவங்க தலையிலதான் விழும், ஜனவரியில ஜன்னல் இடுக்குல காத்து உள்ள வர்றப்ப தெரியும் அது. வருஷத்துக்கு சராசரி போட்டு மாசம் 130 கூடும்னு வைங்க, மிச்சம் 220. இந்த மாசம் கார்டு வட்டி மட்டும் 364. வட்டியில முக்கால்வாசி கூட வராத ஒரு மிச்சத்துக்காக முதல் மாச வாடகை, கடைசி மாச வாடகை, டெபாசிட்னு 6,600 டாலரை முன்கூட்டியே எடுத்து வைக்கணும், அதுவும் கார்டுலதானே போகும்?

லீஸ் முடியுற நேரத்துல மாறியே ஆகணும்னா சிலதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. மாசசூசெட்ஸ்ல டெபாசிட் ஒரு மாச வாடகைக்கு மேல கேட்கக் கூடாது, காலி பண்ணின 30 நாளுக்குள்ள கணக்கு முடிச்சுத் தரணும். ஹீட்டிங் உங்க பொறுப்புன்னு எழுத்துல இல்லன்னா அது ஓனர் பொறுப்பு. புரோக்கர் கமிஷன், யார் புரோக்கரை வச்சாங்களோ அவங்கதான் தரணும், 2025 ஆகஸ்ட்ல இருந்து இதான் சட்டம். எல்லாத்தையும் விட முக்கியம், 1978-க்கு முன்னாடி கட்டின வீடுன்னா சுவத்துல ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம், 4 வயசுக் குழந்தை இருக்கிற வீடு, அதை டெஸ்ட் பண்ணி சரி பண்ணின பேப்பரைக் கண்ணால பார்க்காம கையெழுத்துப் போடாதீங்க.

உங்க ஊருக்கு நான் ஒரு தடவை வந்திருக்கேன். பூட் காட்டன் மில்ஸ் மியூசியத்துல பழைய தறிகளை இன்னும் ஓட்டிக் காட்டுறாங்க, உள்ள போறதுக்கு முன்னாடி காதுல வைக்க பிளக் குடுத்தாங்க, கால்ல தரை அதிர்ந்துது, சோமனூர் தறிக்குடோன்ல நிக்கிற மாதிரியே இருந்துது. அந்த மில்லுகள்ல வேலை செஞ்ச கிராமத்துப் பொண்ணுங்க கம்பெனி விடுதியில தங்குறதுக்கும் சாப்பாட்டுக்கும் பிடிக்கிற காசை ஏத்தினாங்கன்னு 1836-ல வேலைநிறுத்தமே செஞ்சிருக்காங்க. அவங்கள்ல சில பேர் ஊர்ல இருக்கிற குடும்பத்துக்கும், அண்ணன் தம்பி படிப்புக்கும் பணம் அனுப்பினவங்கதான். ஆனா கைக்கு வந்த கூலியில இருந்து அனுப்பினாங்க, 1829-ல ஆரம்பிச்ச லோவெல் சேமிப்பு வங்கியில தன் பேருக்கும் கொஞ்சம் போட்டு வச்சாங்க. உங்க பேர்ல எவ்வளவு இருக்குன்னு லெட்டர்ல ஒரு இடத்துலயும் இல்லையே தம்பி. வேலை போனா ஹெச்1பி-ல வேற வேலை தேடவோ ஊருக்குக் கிளம்பவோ 60 நாள்தான் டைம், கையில ஒரு மாச வாடகை கூட இல்லாம எப்படி?

ஐயுஎல் வேண்டாம். ஆயுள் காப்பீடு வேணும்னா சாதா டெர்ம் பாலிசி எடுங்க, செலவு கம்மி. 24 சதவீதம் வட்டி கட்டுறவருக்கு முதலீட்டு பாலிசி விக்க வர்ற நண்பர்கிட்ட, இதுல உங்க கமிஷன் எவ்வளவுன்னு நேராவே கேளுங்க. நாளைக்கு இன்னொருத்தர் இந்தியாவுல மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி போடுன்னு வருவார், அமெரிக்காவுல வரி கட்டுறவருக்கு அதுல பிஎஃப்ஐசின்னு ஒரு பெரிய வரித் தலைவலி இருக்கு, அதுவும் இப்ப வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. கார்டை வீட்டுல வச்சிட்டு மளிகைக்கு டெபிட் கார்டு எடுத்துட்டுப் போங்க. அண்ணனுக்கு மூணு மாசம் 500, அதோட நிறுத்தம்னு தேதியோட சொல்லுங்க. அந்த மூணு மாசமும் கார்டுக்கு 550, அப்புறம் முழு 1,050. கிட்டத்தட்ட ரெண்டு வருஷத்துல கடன் தீரும். இல்ல, மனசு கேக்கல, 400 அனுப்பிட்டே இருக்கேன்னா மூன்றரை வருஷம் ஆகும், நடுவுல பொண்ணு ஸ்கூல் போயிடுவா. கிரெடிட் யூனியன்ல (உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவு வங்கி மாதிரி) குறைஞ்ச வட்டிக்கு லோன் கிடைச்சா மாத்திக்கோங்க, ஆனா காலியான கார்டுல திரும்ப ஒரு டாலர் கூட ஏறக் கூடாது.

அண்ணனோட லோன்ல நீங்க ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கீங்களான்னு எழுதவே இல்ல. போட்டிருந்தா பணத்தை நிறுத்துறதுக்கு முன்னாடி பேங்க்ல பேசி தவணையை நீட்டிக்க முடியுமான்னு கேக்கணும், கூலி சரியா வராத தறிக்காரங்களுக்கு அது புது விஷயம் இல்ல, ஒரு ரேப்பியரை வித்து கடனைக் குறைக்க முடியுமான்னும் பாருங்க. சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு கூப்பிட்டீங்கன்னா அங்க ஞாயிறு காலை, அண்ணியும் பக்கத்துல இருக்கும்போது, தறிச் சத்தம் கேக்காத இடமா நின்னு பேசச் சொல்லி, கார்டு ஸ்டேட்மென்ட்டை வீடியோவுல அப்படியே காட்டுங்க.