தூக்குச்சட்டித் துட்டு கடையில் செல்லுமா?

கேள்வி: பீடி சுற்றுகிற கூலியில் மிஞ்சிய சில்லறையை ரெண்டு வருசமாக ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டு வந்தேன். எண்ணினால் 3,615 ரூபாய். மிக்ஸி வாங்கலாம் என்று திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடைக்குத் தூக்கோடு போனேன். "நோட்டாகக் கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரசாங்கத் துட்டை வேண்டாம் என்று சொல்லலாமா? கேஸ் போடு என்கிறாள் மதினி.
- முக்கூடல் வாசகி

பதில்: மதினியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் அக்கா. இந்த விஷயத்தில் சட்டம் கடைக்காரர் பக்கம்தான் நிற்கிறது. 2011ஆம் வருட நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட காசுகளும் 1,000 ரூபாய்க்கு மேற்படாத தொகைக்குத்தான் செல்லும். எட்டணாவுக்கு வரம்பு வெறும் 10 ரூபாய், அதாவது இருபது காசு. நீங்கள் அனுப்பிய கணக்கில் எட்டணா மட்டும் முப்பது இருக்கிறது.

அதே கடையில் 600 ரூபாய்க்குக் குக்கர் வாங்கிக் காசாகக் கொடுத்திருந்தால் பேச்சே வேறு. அது செல்லுபடியாகும் பணம். ஆனாலும் வாங்க மறுக்கிற கடைக்கு இன்ன அபராதம் என்று அந்தச் சட்டத்தில் தனியாக எதுவும் இல்லை. கேஸ் என்று அலைந்தால் பஸ் காசும் கூலியும்தான் போகும்.

உங்களிடம் 286 பத்து ரூபாய்க் காசுகள் இருக்கின்றன. ஒன்று 7.71 கிராம். அது மட்டுமே ரெண்டு கிலோவுக்கு மேல்! கல்லாவில் இருக்கிற பையன் மிரண்டதில் தப்பில்லை. ஆனால் "பத்து ரூபாய்க் காசு செல்லாது" என்று நம்ம ஊர்ப்பக்கம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதில் 14 வடிவங்கள் வந்திருக்கின்றன, ரூபாய்க் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் கணக்கு இருக்கிற வங்கிக்குப் போங்கள். 1,000 ரூபாய் வரம்பு அங்கே கிடையாது. வாடிக்கையாளர் எவ்வளவு காசு கட்டலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைக்கவில்லை. முந்தின ராத்திரியே வகை பிரித்து, நூறு நூறாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். மாச முதல் வாரத்தில் போகாதீர்கள், கூட்டத்தில் காசாளர் எரிந்து விழுவார். வாங்கவே மாட்டேன் என்றால் மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குச் செலவில்லை. சில்லறை மாற்றித் தருகிறேன் என்று கமிஷன் கேட்கிறவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

அப்புறம், தூக்கில் கிடந்த ரெண்டு வருசத்தில் அந்தத் துட்டு ஒரு பைசா வட்டி ஈட்டவில்லை. தபால் நிலையத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடர் வைப்புப் போடலாம். இனி வாரக் கூலி வந்ததும் முதலில் அதற்கு எடுத்து வையுங்கள்.

அடியில் கிடந்ததாகச் சொன்ன ஆறு நாலணாவை வங்கியிலும் வாங்கமாட்டார்கள். 2011 ஜூன் 30 முதல் அது செல்லாது. பேரப்பிள்ளைகளுக்குப் பல்லாங்குழி ஆடக் கொடுத்துவிடுங்கள்.