பழைய மலை சைக்கிள்: எதற்கு முதல் செலவு? நீலகிரிக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

குன்னூரில் இருபது வருடமாகச் சைக்கிள் மிதிக்கிறேன். அத்தனையும் பிறர் ஓட்டிக் கழித்தவை, புதுச் சைக்கிள் ஒன்றுகூட வாங்கியதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இந்தப் பதில்கள்.

கோத்தகிரி, கல்லூரி மாணவர்: அண்ணா, 26 இன்ச், 21 கியர் சைக்கிள் ஒன்றை ஆறாயிரத்துக்கு வாங்கினேன். கையில் இன்னும் நாலாயிரம் இருக்கிறது. முன் சக்கரத்தைப் பிடித்துக் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கை மாற்றிவிடலாமா?

வேண்டாம் தம்பி. நாலாயிரத்துக்குள் வரும் ஃபோர்க்கிலும் உள்ளே இருப்பது அதே ஸ்பிரிங்தான். இரண்டு கிலோவுக்கு மேல் எடை இருக்கும். இப்போது இருப்பதைவிடப் பெரிதாக ஒன்றும் மாறாது, பார்க்கப் புதுசாக இருக்கும், அவ்வளவுதான்.

நம் ஊரில் ஏற முடியவில்லை என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். இறக்கத்தில் அந்த வசதி கிடையாது. அதனால் முதல் காசு பிரேக்குக்கு. அடுத்தது ஏற்றத்துக்கான கியர், அப்புறம் டயர். நாலாயிரத்தில் இந்த மூன்றையும் முடித்து, கடைக்காரருக்கு ஓவராயில் கூலியும் கொடுத்துவிடலாம்.

குன்னூர், வங்கி ஊழியர்: என் சைக்கிளில் இருப்பது வி-பிரேக், அதாவது ரிம்மை இரண்டு பக்கமும் கட்டை பிடித்து நிறுத்தும் வகை. லாம்ஸ் ராக் பக்கமிருந்து இறங்கும்போது கை மரத்துப்போகிறது, வண்டியும் சட்டென்று நிற்பதில்லை. டிஸ்க் பிரேக் போட்டுவிடலாமா சார்?

ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் டிஸ்க் மாட்டும் துளைகள் இருக்கின்றனவா, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் டிஸ்க் தட்டு பூட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சக்கரம், ஃபோர்க் எல்லாமே மாற்ற வேண்டிவரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

நல்ல நிலையில் இருக்கும் வி-பிரேக் நம் சாலைக்குப் போதும். உங்களுடையதில் கேபிள் உள்ளே துருப்பிடித்திருக்கும், கட்டை கல்லாகக் காய்ந்திருக்கும். இரண்டையும் மாற்றுங்கள். ரிம்மைப் பழைய துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். புதுக் கட்டையைப் பூட்டும்போது அதன் முன் நுனி ரிம்மை ஒரு மயிரிழை முன்னதாகத் தொடுமாறு வைத்தால் கீச்சென்ற சத்தம் குறையும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். கேபிளுக்கு மேலே வரும் உறையில் இரண்டு வகை உண்டு. பிரேக் உறைக்குள் கம்பி ஸ்பிரிங் போலச் சுற்றியிருக்கும். கியர் உறைக்குள் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் அடுக்கியிருக்கும். கியர் உறையைப் பிரேக்குக்குப் போட்டால், இறுக்கிப் பிடிக்கும் வேகத்தில் அது பிளந்துவிடும். எனக்கு ஒரு கடையில் அப்படித்தான் போட்டுக் கொடுத்தார்கள். நான்காவது நாள், ஒரு கொண்டை ஊசி வளைவில் பட்டென்று ஒரு சத்தம், லீவர் கைப்பிடி வரை வந்துவிட்டது. தேயிலைச் செடிகள் என்னைத் தாங்கிக்கொண்டன. கை கால் கீறலோடு போயிற்று. அன்றிலிருந்து உறையின் வெட்டுமுனையைப் பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வராதீர்கள். ரிம் சுட்டு டியூபே வெடிக்கலாம். வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு விட்டுவிடுங்கள்.

கேத்தி, பெயர் வேண்டாம் என்றவர்: லவ்டேல் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. 21 கியரை 27 ஆக்கினால் சரியாகுமா?

எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை, பல்லைத்தான் எண்ண வேண்டும். முன்னால் பெடலோடு இருக்கும் சின்னப் பல்சக்கரத்தில் 24 பல், பின்னால் பெரியதில் 28 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடல் ஒரு சுற்று சுற்றினால் 26 இன்ச் சைக்கிள் ஏறக்குறைய 1.8 மீட்டர் நகரும். பின்னால் 34 பல் இருந்தால் சுமார் 1.5 மீட்டர்தான் நகரும். மெதுவாகப் போவீர்கள், ஆனால் உட்கார்ந்தபடியே ஏறுவீர்கள். 27 ஆக்க வேண்டுமென்றால் கியர் மாற்றும் ஷிஃப்டர், செயின், பெரும்பாலும் பின் ஹப் வரை மாற்ற வேண்டும். 21 என்பது முன்னால் 3, பின்னால் 7. அந்த 7 கியரிலேயே 14 முதல் 34 பல் வரை உள்ள பிரீவீல், அதாவது பின்பக்கப் பல்சக்கர அடுக்கு, கிடைக்கிறது.

வாங்குவதற்கு முன் உங்களுடையது ஹப்பில் திருகி மாட்டும் பிரீவீலா, ஹப்பில் செருகிப் பூட்டும் கேசட்டா என்று பாருங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். கருவி மாட்டும் நடு வளையம் பற்களோடு சேர்ந்து சுற்றினால் கேசட், அசையாமல் நின்றால் பிரீவீல். செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் பின் டீரெய்லர் 34 பல்லைத் தாங்குமா என்றும் கேளுங்கள். ஷிமானோவின் ஆல்டஸ் எம்310 தாங்கும். செயினும் சில கண்ணி நீளமாக வேண்டும், பழையதையே மாட்டினால் பெரிய பல்லுக்குப் போகும்போது இழுத்துக்கொள்ளும்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பள்ளிக்கூட ஸ்கேலே போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து தொடங்கி 24 பின் தள்ளிப் பாருங்கள். புதுச் செயினில் சரியாக 12 இன்ச் வரும். பதினாறில் ஒரு பங்கு இன்ச் கூடுதலாக இருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டதென்றால் பிரீவீலும் சேர்ந்தே போயிருக்கும்.

மஞ்சூர்: 26 டயர் என்று கேட்டு வாங்கிவந்தேன். ரிம்மில் உட்காரவே மாட்டேன் என்கிறது.

அது உங்கள் தப்பு இல்லை. 26 என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவு இருக்கிறது. 26 x 1 3/8 டயரின் உள்விட்டம் 590 மி.மீ. 26 இன்ச் மலை சைக்கிளுக்கு வேண்டியது 559. டயரின் பக்கவாட்டில் 50-559 என்பதுபோல அச்சடித்திருக்கும், அந்த 559 இருந்தால் மட்டும் வாங்குங்கள். தினமும் தார்ச்சாலைதான் என்றால் நடுவில் வழவழப்பும் ஓரத்தில் குமிழும் உள்ள 1.95 இன்ச் அகல டயர் நல்லது. காற்றை இரும்புபோல அடைக்கச் சொல்லாதீர்கள். அறுபது எழுபது கிலோ எடையுள்ளவருக்குத் தாரில் 40 பி.எஸ்.ஐ., எஸ்டேட் மண்பாதையில் முப்பதை ஒட்டி வைத்தால் பிடிப்பு இருக்கும்.

ஊட்டி, ஆசிரியை: அண்ணா, தம்பியின் பழைய சைக்கிள் எனக்கு உயரமாக இருக்கிறது. ஏதாவது மாற்றினால் சரியாகுமா?

மேல் பாரை இரண்டு காலுக்கும் நடுவில் விட்டுத் தரையில் நின்று பாருங்கம்மா. பார் இடித்தால் எதை மாற்றியும் பயனில்லை, விற்றுவிட்டுச் சின்ன ஃபிரேம் வாங்குங்கள். இடிக்கவில்லை, கைதான் எட்டவில்லை என்றால் ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம் குட்டையானதாக மாற்றினால் போதும்.

கூடலூர்: இனிமேல்தான் வாங்கப்போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

ஹேண்டில் தலைக்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் வெல்டிங்கில் விரிசல் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். பெயின்டில் மயிர்க்கோடு தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள். சீட் கம்பியைத் தளர்த்தி மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். உங்கள் ஊர் மழையில் நின்ற சைக்கிள்களில் அது குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். பெடல் பூட்டியிருக்கும் கிராங்கைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக்கூடாது. சக்கரக் கோட்டம், பேரிங் கிரீஸ் எல்லாம் கடைக்காரர் பார்த்துக்கொள்வார், அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். பில் கேளுங்கள், திருட்டுச் சைக்கிள் தலையில் விழ வேண்டாம்.

வெலிங்டன்: செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

டிசம்பரில் உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்த்ததில்லையா? உறைந்துவிடும். செயின் ஆயில் ஒரு சின்னப் பாட்டில் மாதக்கணக்கில் வரும். கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள்.

மறுபடியும் கோத்தகிரி மாணவர்: அண்ணா, எல்லாம் மாற்றிவிட்டேன். இந்த ஞாயிறு கல்லட்டி இறங்கலாமா?

36 கொண்டை ஊசி வளைவு தம்பி, அதுவும் செங்குத்தாக. இந்த ஞாயிறு வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கிலோமீட்டர் இறக்கம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நாலைந்து முறை இறங்குங்கள். ஒவ்வொரு முறையும் நிறுத்தியதும் ரிம்முக்கு அருகே விரலைக் கொண்டுபோய்ப் பாருங்கள், எவ்வளவு சூடு என்று தெரியும். புதுக் கேபிள் முதல் வாரத்தில் தளரும், அதை ஒருமுறை இழுத்துக் கட்டிவிட்டு எனக்குச் சொல்லுங்கள். அப்புறம் சேர்ந்தே போகலாம்.