முக்கியப் பிரமுகர் வரும்போது குமரியில் டிரோன் பறக்கவிடலாமா?

பிரதமர் கன்னியாகுமரி வரும் நாளில் நாகர்கோவிலில் கல்யாணத்துக்கு டிரோன் பறக்கவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் மத்திய அரசின் டிரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையில் உள்ள வரைபடத்தைப் பாருங்கள். 2021 டிரோன் விதிகளின்படி காவல்துறை ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 96 மணி நேரம். அந்த மண்டலத்துக்குள் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவே கூடாது. 2024-இல் மோடி விவேகானந்தர் பாறைக்கு மே 30-இல் வந்து ஜூன் 1 வரை இருந்தார். ஆக, ஒரு நாள் கெடுபிடிதானே என்று நினைத்துவிடாதீர்கள்.

வான்வெளித் தடைகளைப் பற்றி விமானிகளுக்கு வருவது நோட்டாம் என்ற அறிவிப்பு. அதில் நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டணும். 0430 என்றால் நமக்குக் காலை 10 மணி. தடை வட்டத்தின் ஆரத்தைக் கடல் மைலில் சொன்னால், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அப்புறம், உள்ளூர்க் காவல் நிலையத்திலும் கேட்டுவிடுங்கள்.