குதிரையின் வாயில் என்ன இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகன் இம்முறை சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறான். 'ஸ்ட்ரெய்ட் ஃப்ரம் த ஹோர்சஸ் மவுத்' (குதிரையின் வாயிலிருந்தே நேராக) என்றால் நம்பகமான செய்தி என்று ரியூசனில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். குதிரை எங்கே வந்தது என்று கேட்கிறான். என்ன சொல்வது?
– ஒரு தாய், உவர்மலை

பதில்: அப்படிக் கேட்ட பிள்ளையை முதலில் பாராட்டுங்கள் அம்மா. விஷயம் தெரிந்தவரிடமிருந்தே நேரே வந்த செய்தி என்பது பொருள். குதிரைப் பந்தயக்காரர்களின் பேச்சு இது. எது வெல்லும் என்று லாயத்தில் வேலை செய்பவரிடம் துப்புக் கேட்பார்கள். அவரையும் விட உள்விஷயம் தெரிந்தது யார்? அந்தக் குதிரைதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். இனாமாக வந்த குதிரையின் வாயைப் பார்க்காதே என்பார்கள். 1546இல் ஜான் ஹேவுட் தொகுத்த ஆங்கிலப் பழமொழிகளில் இது இருக்கிறது. அதற்கும் ஆயிரம் வருடத்துக்கு முன்பே புனித ஜெரோம் இதை ஊர்ப் பழமொழி என்று லத்தீனில் எழுதிவிட்டார். வாயைப் பார்ப்பது வயதறிய. குதிரைக்கு ஐந்து வயதளவில் நிரந்தர முன்பற்கள் எல்லாம் வந்துவிடும்; அப்புறம் தேய்மானத்தையும் சாய்வையும் வைத்துத்தான் கணிப்பு.

தம்பலகாமத்தில் வளர்ந்த எனக்கு இது ஏட்டுப் படிப்பு இல்லை. மாடு வாங்கப் போனால் அப்பா அதன் மூக்கைப் பிடித்துத் தலையை நிமிர்த்தி, கீழுதட்டை விரலால் இறக்கிப் பார்ப்பார். மாட்டுக்கு மேலே முன்பல்லே கிடையாது, கீழே எட்டு. இரண்டு வயதளவில் நடுப் பாற்பற்கள் இரண்டும் விழுந்து அகலமான பல் முளைக்கும். பிறகு சோடி சோடியாக மாறி, நாலைந்து வயதில் எட்டும் நிறைந்துவிடும். 'நாலு பல்லு' என்று அப்பா வாய் திறந்த பிறகுதான் விலைப் பேச்சே தொடங்கும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம்மவர்கள் சொன்னதும் இதே பழக்கத்தை வைத்துத்தான். மகனை ஒருநாள் மாட்டுப் பட்டிக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். எந்தக் குறிப்புப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

கேள்வி: 'ரெட் ஹெரிங்' என்று உண்மையில் ஒரு மீன் உண்டா?
– வாசகர், கிண்ணியா

பதில்: கடலில் இல்லை. ஹெரிங் வெள்ளி நிற மீன், நம் சாளையின் குடும்பம். உப்பிட்டு நன்றாகப் புகை போட்டால் செம்பழுப்பாகி, நெடி தூக்கும்; அதுதான் 'ரெட்' (சிவப்பு) ஹெரிங். வில்லியம் கொபெட் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர், சிறுவயதில் முயலைத் துரத்தும் வேட்டை நாய்களைத் திசைதிருப்ப இந்த மீனை நிலத்தில் இழுத்துச் சென்றதாக 1807இல் எழுதினார். நெப்போலியன் தோற்றுவிட்டான் என்ற பொய்ச் செய்தியின் பின்னால் ஓடி, உள்நாட்டு விவகாரங்களை மறந்த பத்திரிகைகளைச் சாடத்தான் அந்தக் கதை. பேச்சை வேறு பக்கம் இழுத்துப் போகும் வாதத்துக்கு அந்தப் பெயர் பரவியதில் அவர் எழுத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

கேள்வி: மழை நாயும் பூனையுமாகப் பெய்தது என்று ஆங்கிலக் கட்டுரையில் எழுதலாமா?
– மாணவி, மூதூர்

பதில்: வேண்டாம் மகள். எல்லாரும் எழுதி எழுதித் தேய்ந்துபோன சொல் அது. மார்கழி மழையில் உங்கள் ஒழுங்கையில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று எழுதுங்கள். புள்ளி அதற்குத்தான் விழும்.