கார் இல்லாமல் உம்பிரியா மலை ஊர்களைச் சுற்ற எங்கே தங்கலாம்?

இத்தாலியின் உம்பிரியாவை ரயில், பஸ்ஸில் சுற்ற எந்த ஊரில் தங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் தேர்வு ஃபொலிஞ்ஞோ. அது மலை ஊர் இல்லை, சமவெளியில் இருக்கிறது. பெட்டியோடு மேடு ஏற வேண்டாம். ரோம்–அன்கோனா ரயில் பாதையும் பெருஜா வழியாகத் தெரொந்தோலா போகும் பாதையும் அங்கேதான் சந்திக்கின்றன. முதல் பாதையில் ஸ்பொலேத்தோ, த்ரேவி. இரண்டாவதில் ஸ்பெல்லோ, அசிசி, பெருஜா.

அசிசியிலேயே தங்க ஆசையா? சரி, அழகான ஊர்தான். ஆனால் ரயில் நிலையம் கீழே சமவெளியில் இருக்கிறது; தினமும் பஸ்ஸில் இறங்கி ஏற வேண்டும். மாலை கடைசி பஸ் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ் மட்டுமே போகும் ஊர்களை ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள், அன்று சேவை குறைவு. அப்புறம், ஓர்வியத்தோ ரோம்–ஃபிளாரன்ஸ் பாதையில் இருக்கிறது. அதை ரோமிலிருந்தே பார்த்துவிடுங்கள். நிலையத்துக்கு எதிரிலிருந்தே இழுவை ரயில் மேலே கொண்டுபோய் விடும்.